ஏலக்காய் ஜீப்பும் எலெக்ட்ரிக் காரும்: ஒரு சந்தேகக்காரனின் கணக்கு

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது குரங்கணியில் இருக்கும் மாமா மகன் ஒரு கேள்வி கேட்டார். என்னைவிட ஆறு வயது மூத்தவர், இருபது வருஷமாக ட்ரிப் ஜீப் ஓட்டுகிறார். காலை ஐந்தரைக்கு ஏலக்காய்த் தோட்டத்து வேலையாட்களை ஏற்றிக்கொண்டு முந்தல் வந்து, போடிமெட்டு ஏறி, பூப்பாறைப் பக்கம் இறக்கிவிட்டு, சாயங்காலம் அதே ஆட்களை வீட்டில் கொண்டுவந்து விடுவதுதான் தொழில்.

"மாப்ள, 2027-ல டீசல் வண்டியையெல்லாம் நிப்பாட்டப் போறாங்களாமே? வாட்ஸப்புல வந்துச்சு. ஜீப்ப இப்பவே வித்துரவா?"

"அதெல்லாம் இல்ல மச்சான், வதந்தி" என்று சொல்லிவிட்டேன். ராத்திரி தேடிப் பார்த்தபோது, வதந்தி முழுப் பொய்யில்லை என்று தெரிந்தது. பெட்ரோலிய அமைச்சகம் அமைத்த, தருண் கபூர் தலைமையிலான குழுவின் பரிந்துரை 2023 மே மாதம் செய்தியில் வந்தது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் 2027-க்குள் டீசல் நாலு சக்கர வண்டிகளைத் தடை செய்யலாம் என்பது அதில் ஒன்று. பரிந்துரைதான், சட்டம் இல்லை. போடி அந்தப் பட்டியலுக்குள் வரவும் வராது. ஆனால் குரங்கணிக்கு வந்து சேர்வதற்குள் 'பரிந்துரை', 'நகரம்', 'பத்து லட்சம்' எல்லாம் உதிர்ந்துபோய் '2027', 'தடை' என்ற இரண்டு சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதை நம்பி ஒருத்தர் தொழிலை விற்கத் தயாராகிறார். இந்தக் கட்டுரை எழுத அதுதான் காரணம்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். வாகனத்துறை நிபுணன் இல்லை. ஆனால் பி.இ. படித்த காலத்து இயற்பியல் கொஞ்சம் ஞாபகம் இருக்கிறது, சொந்தமாக ஒரு எலெக்ட்ரிக் காரும் இருக்கிறது. 'இனி எல்லாம் எலெக்ட்ரிக்தான்' என்கிற கட்சி மேலும், 'எலெக்ட்ரிக் எல்லாம் ஏமாத்து வேலை' என்கிற கட்சி மேலும் எனக்குச் சந்தேகம் உண்டு. இரண்டையும் குரங்கணி அடிவாரத்தில் நிறுத்தி உரசிப் பார்ப்போம்.

2017-ல் சொன்னது என்ன?

2017 ஏப்ரலில், அப்போது மின்துறை அமைச்சராக இருந்த பியூஷ் கோயல், 2030-க்குள் நாட்டில் ஒரு பெட்ரோல், டீசல் கார்கூட விற்கக்கூடாது என்பதே எண்ணம் என்று பேசினார். அடுத்த மாதமே நிதி ஆயோக்கும் அமெரிக்காவின் ராக்கி மவுன்டன் இன்ஸ்டிட்யூட்டும் சேர்ந்து 'இந்தியா லீப்ஸ் அஹெட்' என்ற அறிக்கையை வெளியிட்டன. பயணிகள் சாலைப் போக்குவரத்துக்கு 2030-ல் தேவைப்படும் என மதிப்பிட்ட ஆற்றலில் 64 சதவீதத்தையும், கரிமவெளியீட்டில் 37 சதவீதத்தையும் மிச்சப்படுத்தலாம் என்பது அதன் தலைப்புச் செய்தி.

பிறகு நூறு சதவீதம் சத்தமில்லாமல் இறங்கிவிட்டது. இப்போது பேசப்படும் 2030 இலக்கு தனியார் கார்களில் 30 சதவீதம், இருசக்கர, மூன்றுசக்கர வண்டிகளில் 80 சதவீதம். நிலவரம் எப்படி? 2024-25-ல் விற்ற புதுக் கார்களில் நூற்றுக்கு மூன்றுகூட எலெக்ட்ரிக் இல்லை. இருசக்கர வண்டிகளில் ஆறு சதவீதம் அளவு. மூன்று சக்கரத்தில் மட்டும் பாதிக்கு மேல். யாரும் மேடை போட்டுப் பேசாத ஆட்டோவும் ஈ-ரிக்‌ஷாவும் ஓடிப்போய் முன்னால் நிற்கின்றன. கார் பின்னால் வந்துகொண்டிருக்கிறது.

அந்த அறிக்கையை முழுதாக மோசம் என்று சொல்ல மாட்டேன். அதன் மையச் சொற்கள் மூன்று: பகிர்வு, மின்சாரம், இணைப்பு. பலர் சேர்ந்து ஒரு வண்டியில் போவது முதலில், அந்த வண்டியை மின்சாரத்தில் ஓட்டுவது அடுத்து, எல்லாவற்றையும் இணையத்தால் கோப்பது மூன்றாவது. நல்ல வரிசை. ஆனால் மேடையில் ஏறியது நடுச்சொல் மட்டும். விளம்பரத்தில் வந்ததும் அதுதான், என்னைப் போன்றவர்கள் வாங்கியதும் அதுதான். அந்த முதல் சொல்லைத்தான் எங்க ஊர் ட்ரிப் ஜீப் யாரும் சொல்லாமலே பல வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறது.

மலை ஏறுமா?

எலெக்ட்ரிக் எதிர்ப்புக் கட்சியின் முதல் வாதம் இது. 'பெங்களூர் ஐ.டி. பார்க் ரோட்டுல ஓடும் தம்பி, போடிமெட்டுல ஏறுமா?'

1993-ல் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் எடி கரண்ட் கன்ட்ரோல்ஸ் நிறுவனம் காட்டிய 'லவ்பேர்ட்' என்ற இருவர் கார்தான் இந்தியாவின் முதல் எலெக்ட்ரிக் கார் என்பார்கள். லெட்-ஆசிட் பேட்டரியில் ஓடிய அந்த வண்டிக்கு இந்தக் கேள்வி சரிதான், செங்குத்தான ஏற்றம் அதற்கு ஒத்துவரவில்லை. இன்றைய லித்தியம் வண்டிக்கு இது தப்பான கேள்வி. கணக்கு போட்டுப் பார்ப்போம்.

போடி கடல்மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர். போடிமெட்டு 1,350 மீட்டருக்குப் பக்கம். 25 கிலோமீட்டர் அளவுள்ள ரோட்டில், 17 கொண்டை ஊசி வளைவுகளோடு, 1,000 மீட்டர் ஏற்றம். ஜீப் 1,500 கிலோ, ஓட்டுநரும் ஆட்களும் தூக்குச்சட்டியும் சேர்த்து 700 கிலோ, மொத்தம் 2,200 கிலோ என்று வைப்போம். இதை 1,000 மீட்டர் தூக்க ஆகும் ஆற்றல் கிட்டத்தட்ட 6 யூனிட். வீட்டு மீட்டரில் ஓடும் அதே யூனிட்தான். டயர் உராய்வுக்கு இன்னொரு 2 யூனிட் சொச்சம் சேர்த்தால், சக்கரத்தில் 8 யூனிட் வேண்டும்.

ஒரு லிட்டர் டீசலில் 10 யூனிட் வெப்ப ஆற்றல் இருக்கிறது. பழைய ஜீப் எஞ்சின் அதில் கால்வாசியைக் கொஞ்சம் தாண்டித்தான் சக்கரத்துக்குத் தரும், மிச்சம் ரேடியேட்டரிலும் புகையிலும் போய்விடும். ஆக ஏற 3 லிட்டர். இறங்கும்போது கியரில் விட்டு இறக்குவதால் அதிகம் குடிக்காது. போக வர 3.2 லிட்டர் வைத்துக்கொள்ளலாம். மச்சானிடம் கேட்டேன், "மூணேகால் ஆகும்" என்றார். இயற்பியலும் அனுபவமும் ஒத்துப்போனதில் எனக்கு அல்ப சந்தோஷம்.

இதே எடையுள்ள எலெக்ட்ரிக் வண்டிக்கு ஏறும்போது பேட்டரியிலிருந்து 9 முதல் 10 யூனிட் போகும். இறங்கும்போது மோட்டாரே டைனமோவாகி 2.5 முதல் 3 யூனிட் திரும்ப ஏற்றிவிடும். நிகரம் 7 யூனிட். சார்ஜ் செய்யும்போது போகும் நஷ்டத்தோடு 8 யூனிட்.

என் காரில் மூன்று பேர் போய்ச் சோதித்தேன். போடியில் 84 சதவீதம், மெட்டில் 59, திரும்பப் போடியில் 65. என்னுடையது 30 யூனிட் பேட்டரி. ஏற ஏழரை யூனிட் போனது, இறங்க கிட்டத்தட்ட இரண்டு யூனிட் வந்தது. பிரேக்கைத் தொட்ட தடவைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். டிரம் சூடேறும் அந்தக் கருகல் வாசனை இல்லாமல் அந்த மலையை நான் இறங்கியது அதுதான் முதல் தடவை.

ஒரே ஒரு எச்சரிக்கை. மலை மேலே ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டு, நிறைந்த பேட்டரியோடு இறங்கினால் திரும்ப வரும் மின்சாரத்துக்குப் போக இடமிருக்காது. பிரேக்தான் எல்லா வேலையும் செய்யணும். மேலே தங்குபவர்கள் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஆக மலை பிரச்சினையே இல்லை. சொல்லப்போனால் எலெக்ட்ரிக் வண்டிக்குச் சமவெளியைவிட மலையில்தான் சாமர்த்தியம் அதிகம் தெரிகிறது.

நிலக்கரி வாதம்

அடுத்தது, 'கரண்டே நிலக்கரியிலதான வருது, அப்புறம் என்ன சுத்தம்?' இது பாதி நியாயமான கேள்வி. இந்தியாவின் மின்சாரத்தில் சுமார் 70 சதவீதம் நிலக்கரியிலிருந்து வருகிறது. மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி தேசிய கிரிட்டில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் கரியமில வாயு.

மேலே சொன்ன பயணத்துக்கே பொருத்துவோம். டீசல் ஜீப்: 3.2 லிட்டர், லிட்டருக்கு 2.7 கிலோ வீதம் சுமார் 8.6 கிலோ. எலெக்ட்ரிக் ஜீப்: 8 யூனிட், கம்பியில் போகும் இழப்பு 15 சதவீதம் என்று கூட்டினால் 9 யூனிட் சொச்சம், அதாவது 6.7 கிலோ. டீசலைச் சுத்திகரிக்கவும் டேங்கரில் கொண்டுவரவும் ஆகும் செலவைச் சேர்த்தால் வித்தியாசம் இன்னும் கூடும். மறுபக்கம், பேட்டரி செய்யும்போது ஆகும் வெளியீட்டையும் கூட்டணும். எப்படிப் பார்த்தாலும் தினமும் ஓடும் வண்டிக்கு மின்சாரம்தான் குறைவு. 'நிலக்கரி கரண்டில் ஓடினால் டீசலைவிட மோசம்' என்பது இந்த ரூட்டுக்குப் பொருந்தாது. 'சுத்தம், பூஜ்யம்' என்ற விளம்பரமும் பொருந்தாது.

இப்போது எனக்கே சங்கடமான கணக்கு. டீசல் ஜீப்பின் 8.6 கிலோவைப் பன்னிரண்டு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 0.7 கிலோ. என் எலெக்ட்ரிக் காரில் அதே பயணத்துக்கு ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் மேல், மூன்று பேருக்குப் பிரித்தால் தலைக்கு 1.7 கிலோ. பச்சை நம்பர் பிளேட் போட்ட என் காரில் உட்கார்ந்திருப்பவர், கரும்புகை கக்கும் ஜீப்பில் ஒண்டி உட்கார்ந்திருக்கும் அக்காவைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெளியிடுகிறார். நான் தனியாகப் போயிருந்தால் எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

ஜீப்பை நான் புனிதமாக்கவில்லை. பன்னிரண்டு பேர் என்பது சட்டம் அனுமதிக்கிற எண்ணிக்கை இல்லை. அளவுக்கு மீறி ஏற்றிய தோட்டத்து ஜீப் கவிழ்ந்த செய்தி எங்க பக்கத்து ஆட்களுக்குப் புதிதும் இல்லை. அந்த 0.7 கிலோவில் முழங்கால் மடக்க இடமில்லாத பயணமும் உயிர்ப் பயமும் அடங்கியிருக்கிறது. பத்துப் பேராகக் குறைத்தாலும் 0.9 கிலோதான். நான் சொல்ல வருவது, எஞ்சினை மாற்றுவதைவிட இருக்கையை நிரப்புவது பெரிய விஷயம் என்பது.

இன்னொரு தகவல். நாட்டில் விற்கும் பெட்ரோலில் 60 சதவீதத்துக்கு மேல் குடிப்பது இருசக்கர வண்டிகள் என்று, பெட்ரோலிய அமைச்சகத்துக்காக நீல்சன் நடத்தி 2014-ல் வெளிவந்த ஆய்வு சொன்னது. கார்களின் பங்கு மூன்றில் ஒன்று அளவுதான். பெட்ரோலைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் விவாதம் ஸ்கூட்டரையும் பஸ்ஸையும் பற்றி இருந்திருக்கணும். நாம் ஏன் காரையே பேசிக்கொண்டிருக்கிறோம்? பேசுகிறவர்கள் கார் வைத்திருக்கிறோம், அதனால்தான்.

அப்படியானால் எங்கே இடிக்கிறது?

ஆற்றல் கணக்கில் எலெக்ட்ரிக் ஜெயித்தாச்சு. ரூபாய் கணக்குக்கு வருவோம். டீசல் லிட்டர் 93 ரூபாய் என்றால் தினம் 300 ரூபாய். மின்சாரம் யூனிட்டுக்கு 10 ரூபாய் என்றே வைத்தாலும் 80 ரூபாய். தினம் 220 மிச்சம். மாதம் 25 நாள் ஓடினால் 5,500 ரூபாய். மச்சான் கண் விரிந்தது.

அடுத்து வண்டி விலை. அவர் ஜீப்பை செகண்ட் ஹேண்டில் 2,75,000-க்கு வாங்கினார். தோட்டத்துக்குள் போகும் பாதைக்கு நாலு சக்கர இழுவை கட்டாயம். அப்படி இழுவை உள்ள எலெக்ட்ரிக் கார் இந்தியாவில் இருக்கிறதா? இருக்கிறது. 2025-ல் டாடா ஹாரியர் வந்தது, அந்த வகையின் விலை 28 லட்சத்துக்கு மேல். அதில் பன்னிரண்டு பேரையும் மண்வெட்டியையும் ஏற்றுவதை யாரும் நினைக்கப் போவதில்லை. சரி, நாளைக்கே யாரோ 12 லட்சத்துக்கு எலெக்ட்ரிக் தோட்டத்து ஜீப் கொண்டுவருகிறார்கள் என்று கற்பனை செய்வோம். கையில் இருப்பதை விற்று 3 லட்சம் போட்டு, 9 லட்சம் கடன், 12 சதவீத வட்டி, ஐந்து வருஷம். மாதத் தவணை 20,000 ரூபாய்.

மிச்சம் 5,500, தவணை 20,000. இவ்வளவுதான் கணக்கு. போடிமெட்டு ஏற்றத்தைவிட இது செங்குத்து.

இதோடு சில்லறைத் தடைகள். குரங்கணியில் ஜீப் நிற்பது தெருவில், வீட்டு பிளக்கிலிருந்து ஒயர் இழுத்துப் போட முடியாது. மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் மறுநாள் காலை ஐந்தரைக்கு வண்டி கிளம்பாது, பன்னிரண்டு பேருக்கு அன்றைய கூலி போச்சு. டீசல் ஜீப் வழியில் நின்றால் போடி மெக்கானிக் சாக்கை விரித்துப் படுத்துச் சரிபண்ணிவிடுவார். என் காரில் ஒரு முறை சின்ன மென்பொருள் கோளாறு வந்தபோது, நானே மென்பொருள்காரன், ஒன்றும் செய்ய முடியாமல் மூன்று நாள் சர்வீஸ் சென்டர் போனுக்காகக் காத்திருந்தேன். எனக்கு அது எரிச்சல். மச்சானுக்கு அது மூன்று நாள் வருமானம்.

நார்வேயைக் காட்டுபவர்கள் உண்டு. 2024-ல் அங்கே விற்ற புதுக் கார்களில் 89 சதவீதம் எலெக்ட்ரிக். உண்மை, மலையும் குளிரும் உள்ள நாடு வேறு. ஆனால் பல வருஷம் வரியை விட்டுக்கொடுத்து, நீர்மின்சாரம் கைவசம் வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தும், ஓடும் மொத்தக் கார்களில் எலெக்ட்ரிக் எண்ணிக்கை பெட்ரோலைத் தாண்டியது 2024 செப்டம்பரில்தான். டீசல் அப்போதும் முன்னால்தான் இருந்தது. விற்பனையில் ஜெயிப்பது ஒன்று, ரோட்டில் ஜெயிப்பது வேறொன்று. ஒரு ஜீப் முப்பது வருஷம் ஓடும் எங்க ஊரில் இரண்டுக்கும் நடுவே ஒரு தலைமுறை இருக்கிறது.

பெயர் மட்டும் மிஞ்சிய ஸ்டேஷன்கள்

குரங்கணியில் இன்னொரு பாடமும் கிடைக்கிறது. ஊருக்கு மேலே 'சென்ட்ரல் ஸ்டேஷன்', 'டாப் ஸ்டேஷன்' என்று இடங்கள் உண்டு. ரயில் கிடையாது. மூணாறு தேயிலையைக் கொண்டுவர 1902-ல் மாடு இழுக்கும் மோனோரயில் போட்டார்கள். 1908-ல் அது இரண்டடி அகலத் தண்டவாளமானது. டாப் ஸ்டேஷன் வரை ரயில், அங்கிருந்து கொட்டகுடி அடிவாரத்துக்கு ரோப்வே, அங்கிருந்து வண்டியில் போடி. 1924 வெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போனது. திரும்பக் கட்டவில்லை.

அந்தக் காலத்துக்கு அது நல்ல தொழில்நுட்பம். ரோப்வேயில் இறங்கும் பாரத்தைக்கொண்டே ஏறும் பாரத்தை இழுக்க முடியும், என் கார் பேட்டரி செய்கிற அதே வித்தைதான். ஆனாலும் நிலைத்தது, எங்கு வேண்டுமானாலும் திரும்புகிற, யார் வேண்டுமானாலும் கொஞ்சக் காசில் வாங்குகிற, வழியில் நின்றால் ரிப்பேர் பண்ணுகிற வண்டி. மோட்டார் பாதை முடிகிற இடத்துக்கு மேலே இன்றைக்கும் காலும் குதிரையும்தான். புதுசு வந்தால் பழசு ஒழியும் என்று நம்புகிறவர்கள் ஒரு தடவை சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு நடந்துபோய் வரலாம்.

எலெக்ட்ரிக் கார் வராது என்று நான் சொல்லவில்லை. ஆட்டோவில் வந்துவிட்டது, ஸ்கூட்டரில் வருகிறது, நகரத்துக் காரிலும் வரும். ஆனால் 'பெட்ரோல், டீசல் வண்டியை அகற்றிவிடும்' என்று தேதி குறிப்பவர்களிடம் மூன்று கேள்வி கேட்கணும். செகண்ட் ஹேண்டில் மூன்று லட்சத்துக்கு, பேட்டரியின் மிச்ச ஆயுள் இவ்வளவு என்ற நம்பகமான சான்றோடு அது கிடைக்குமா? பாஸ்புக்கும் ஆர்.சி.யும் மட்டும் வைத்திருக்கும் ஓட்டுநருக்கு மலிவான வட்டியில் கடன் கிடைக்குமா? தெருவில் நிறுத்தும் வண்டிக்கு ராத்திரி பிளக் கிடைக்குமா? மூன்றுக்கும் 'ஆம்' வரும் நாளில் என் சந்தேகத்தை வாபஸ் வாங்குகிறேன். தேனி மாவட்டக் காற்றாலைகளும் லோயர் கேம்ப் நீர்மின் நிலையமும் நன்றாக ஓடும் தென்மேற்குப் பருவத்தில்தான் ஏலக்காய் எடுப்பும் தொடங்குகிறது. மின்சார ஜீப்புக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கஷ்டம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். சுரைக்காய் நல்ல சுரைக்காய்தான், அது ஏட்டை விட்டு இன்னும் இறங்கவில்லை என்பதுதான் என் புகார்.

மச்சானிடம் ஜீப்பை விற்க வேண்டாம் என்று சொன்னேன். ரெண்டு ஆளைக் குறைத்து ஏற்றச் சொன்னேன், பிரேக்கைச் சரிபார்க்கச் சொன்னேன், 2027 செய்தியை குரூப்பில் மறுபடி அனுப்ப வேண்டாம் என்றும் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "ரெண்டு ஆளக் குறைச்சா அந்த ரெண்டு பேரும் வேலைக்கு எப்படிப் போவாக, மாப்ள?" என்றார்.

அதற்கு என் கணக்கில் விடை இல்லை. காலை ஐந்தரைக்கு முந்தலிலிருந்து போடிமெட்டுக்கு, தோட்டத்து ஆட்கள் கூலியில் கட்டுப்படியாகிற கட்டணத்தில், ஒரு சின்ன பஸ் விட்டால் விடை கிடைக்கும். அது டீசலில் ஓடினாலும் பரவாயில்லை.

மேலே போட்ட கணக்கில் எங்காவது பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன்.